உப்பளத்தில் யாரும் ‘கட்’ சொல்லவில்லை

உதவி இயக்குநர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

விழுவது யாருக்கும் வரும். விழுகிறவனைப் பார்த்து எதிரில் இருப்பவன் சிரிக்க வேண்டும் என்றால்தான் அதில் தொழில் இருக்கிறது. உழைக்கிற வயது முழுவதையும் நான் அந்தத் தொழிலில்தான் செலவழித்தேன். வசனத்தால் சிரிக்க வைப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் பாடம் வேறு. வழுக்குவது, மோதுவது, ஏணியோடு சாய்வது, மாவு மூட்டைக்குள் தலைகுப்புற விழுவது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

உங்களில் சிலர் அந்த மாதிரி நகைச்சுவையை மட்டம் என்று நினைக்கிறீர்கள். தெரியும். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஆங்கில இலக்கியம் படித்தவன். அப்பா கல்லூரி ஆசிரியர். சோகப் படம் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். கிடைத்ததோ காமெடி டிராக்கில் வேலை. அந்தக் காலத்தில் படத்தின் கதையை ஒருவர் எடுப்பார். நகைச்சுவைப் பகுதியைத் தனியாக இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார், இரண்டையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் டிராக் டைரக்டர் கனத்த உடம்புக்காரர். எப்போதும் சலவை மடிப்பு கலையாத வெள்ளை வேட்டி சட்டை. பட்டம் வாங்கியவன் என்பதால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். “ஏம்பா பி.ஏ., அந்த வாளிய நகத்து” என்பார். யூனிட் முழுவதும் அப்படியே கூப்பிட்டது. அப்பாவோ என் வேலையைப் பற்றிக் கடைசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் உதவி இயக்குநராகி ஓரளவு தேறியிருந்த சமயம், எழுபதுகளின் நடுவில், மரக்காணத்து உப்பளத்தில் எடுத்த ஒரு காட்சியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இன்றைக்கும் அது எங்கேயாவது ஓடினால், கைக்குழந்தை முதல் கிழவர் வரை சிரிப்பதைப் பார்க்கிறேன். அதில் என் பங்கு உண்டு. அதில் என் தவறும் உண்டு.

காட்சி இதுதான். வருங்கால மாமனாருக்குப் பயந்து ஓடுகிற எங்கள் காமெடியன் உப்பளத்துக்குள் நுழைந்து, ஒரு பெரிய உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒளிகிறான். மழை வருவதாக நினைத்து உப்பளத்து ஆட்கள் கீற்றுகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, உப்போடு சேர்த்து அவனையும் மூடிவிடுகிறார்கள். அவன் வெளியே வந்து, வழுக்கி, பாத்தித் தண்ணீரில் விழ, எல்லோரும் சிரிக்கிறார்கள். படித்துப் பார்த்தால் சின்ன விஷயம். எடுப்பது அப்படி இல்லை.

துணை நடிகர்களைச் சென்னையிலிருந்து அழைத்துப் போகவில்லை. உப்பளத்து ஆட்களையே நடிக்க வைக்கலாம் என்றேன், டைரக்டர் ஒப்புக்கொண்டார். அளத்தின் முதலாளியும் அனுமதி கொடுத்தார். ஆனால் கேமராவுக்கு அழகாக இருந்த குவியல் அவருடையது அல்ல. அகலமான வரப்பின் ஓரத்தில் தனியாக, வெள்ளைக் கூடாரம் போல் நின்ற அது லூர்துமேரி என்ற பெண்மணியுடையது. நாற்பதை ஒட்டிய வயது. அவரும் அவர் கணவரும் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மாசியிலிருந்து அவர்கள் வாரிச் சேர்த்த உப்பு முழுவதும் அங்கேதான் நின்றது. அடுத்த வாரம் லாரி வர வேண்டும். அந்தக் குவியல்தான் அவர்களுக்கு அந்த வருஷத்துப் பிழைப்பு.

குவியலுக்குப் பக்கத்திலேயே தென்னங்கீற்றுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, மழை வந்தால் சட்டென்று மூட. எங்கள் டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. எட்டி எடுத்துப் போட்டால் ஓட்டம் எங்கே இருக்கிறது? ஓட்டம் நீளமாக இருந்தால்தான் சிரிப்பு நீளும் என்பது அவர் பாடம். சரியான பாடம்தான், நானும் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் கீற்று முழுவதையும் எதிர்ப் பக்கத்து வரப்புக்கு மாற்றச் சொன்னேன்.

லூர்துமேரி குறுக்கே வந்து நின்றார்.

“தம்பி, கீத்து உப்புக்குப் பக்கத்துலயே கெடக்கட்டும். இந்த மாசத்து வானத்த நம்ப முடியாது.”

“மழை வந்தா நான் பொறுப்புக்கா. முத ஆளா நானே தூக்கிட்டு வர்றேன்.”

அவர் என் காலைப் பார்த்தார். “இந்த பூட்ஸோடவா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். படித்த பையன் ஒருவன் எல்லோர் எதிரிலும் பொறுப்பு என்று சொன்ன பிறகு, மேற்கொண்டு பேசுவது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

இரண்டாவது ஏற்பாடும் என்னுடையதே. வரப்பில் நட்டிருந்த ஒரு கம்பத்தில் பழைய தகர டின் ஒன்று தொங்கியது. மழை வரும் அறிகுறி தெரிந்தால் மேஸ்திரி ஏழுமலை அதைத் தட்டுவார். சத்தம் கேட்டால் எந்தப் பாத்தியில் யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். நடிக்கத் தெரியாதவர்களுக்கு ‘ஆக்‌ஷன்’ என்று கத்துவதைவிட இந்த டின்னைத் தட்டினால் ஓட்டம் இயல்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஏழுமலை தயங்கினார். மழை இல்லாத நாளில் அதை யாரும் தொடுவதில்லை என்றார். முதலாளி தலையசைத்ததும் தட்டினார்.

முதல் தடவை தட்டியபோது நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, பக்கத்து அளங்களில் வேலை செய்தவர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தார்கள். ஷூட்டிங் என்று தெரிந்ததும் ஏழுமலையின் குடும்பத்தையே இழுத்துத் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அடுத்த தடவை சிலர் மட்டும் தலை நிமிர்ந்தார்கள். அதற்கும் அடுத்த தடவை யாரும் நிமிரவில்லை. ஓர் ஊர் காலங்காலமாகக் காப்பாற்றி வைத்திருந்த அபாயச் சத்தத்தை, மதியச் சாப்பாட்டுக்குள் நான் வெறும் சத்தமாக மாற்றிவிட்டேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. வேறு கவலையில் இருந்தேன்.

கவலை, சிரிப்பு. எங்கள் காமெடியன் தமிழ்நாட்டில் விழத் தெரிந்த சிலரில் ஒருவர். யூனிட்டில் எல்லோருக்கும் அண்ணன். அவர் விழுந்தால் ஸ்டுடியோ வாசலில் நிற்கும் காவல்காரர்கூடச் சிரிப்பார். இங்கே அவர் அருமையாக வழுக்கி, காற்றில் ஒரு நொடி நின்று, தண்ணீரில் விழுந்தார். உடனே இரண்டு பெண்கள் கீற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவரைத் தூக்கிவிட்டார்கள்.

“கட்! ஏம்மா, அவர எதுக்குத் தூக்கறீங்க?” என்றேன்.

“விழுந்துட்டாருங்களே.”

“அவரு விழத்தாம்மா வந்திருக்காரு.”

“உப்புல விழுந்தா முட்டி கிழிஞ்சிடும் சார். அந்த எரிச்சல் எங்களுக்குத்தான தெரியும்.”

மறு டேக்கில் தூக்கவில்லை. ஆனால் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். அண்ணன் தண்ணீரில் படுத்தபடியே கேட்டார்: “ஏம்பா பி.ஏ., நான் விழுந்துட்டனா, செத்துட்டனா?”

சிரிக்கச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்து, ஹா, ஹா, ஹா என்று எண்ணிச் சொன்னார். மேலும் சில டேக்குகள் போயின. சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே ஒன்று சொன்னார்.

“நான் எதுக்கு ஓடறேன்னு இவங்களுக்குத் தெரியல. சும்மா விழறவன பாத்தா சிரிப்பு வராதுப்பா, பாவமாத்தான் இருக்கும். அவனுக்கு ஒரு அவசரம் இருக்கணும், அது பாக்கறவனுக்கும் அவசரமா இருக்கணும்.”

நான் தலையாட்டினேன். புரியவில்லை. உலகத்தில் எல்லோரும் ஒன்றுபோலச் சிரிப்பது அடுத்தவன் விழும்போதுதான், இவர்களுக்கு மட்டும் என்ன கேடு என்று மனதுக்குள் சலித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் மேற்கே இருட்டியது.

இனி நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் உங்களுக்கான பாடம் இருக்கிறது. அடுத்த டேக்குக்கு எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அண்ணன் குவியலுக்குப் பின்னால். டைரக்டர் கேமரா பக்கத்தில். நான் ஒரு கையில் கிளாப் பலகையும் மறு கையில் மெகாபோனுமாக, ஏழுமலைக்கு அருகில். நான் சைகை காட்டும் முன்பே அவர் டின்னைத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். அதுவரை ஒவ்வொரு முறையும் தட்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தவர், இப்போது மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடாமல் தட்டினார். காற்று திரும்பியிருந்தது, மண் வாசனை வந்தது.

அது நிஜம் என்று அந்தக் கணத்தில் தெரிந்தவர்கள் ஏழுமலையும் நானும் மட்டும்தான். டைரக்டருக்கு அது ஆக்‌ஷனுக்கான சத்தம். ஆட்களுக்கும் அதுவே; காலையிலிருந்து ஏமாந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பதையே விட்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “இன்னொரு வாட்டியா சார்?” என்று கேட்டார்.

டைரக்டர் கத்தினார். “லைட்ட பாருடா! கறுப்பு மேகம், வெள்ளை உப்பு. இது எங்கடா கெடைக்கும்? கிளாப் அடி!”

நான் கிளாப் அடித்தேன்.

ஒரு டேக்தானே, மேகம் இன்னும் ஊருக்கு மேல் வரவில்லை, எடுத்துவிட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பயத்தால் செய்யவில்லை. டைரக்டருக்குக் கீழ்ப்படிந்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். அந்த வெளிச்சம் எனக்கும் வேண்டியிருந்தது.

ஆட்கள் ஓடினார்கள். நான் காலையிலிருந்து சொல்லிக் கொடுத்தபடியே ஓடினார்கள். முதலில் தப்பான பக்கம், பிறகு ஒருவர்மேல் ஒருவர் மோதி, கீற்றைத் தலைகீழாகப் பிடித்து, திரும்பி. அந்த ஓட்டத்தை அமைக்க நான் எவ்வளவு சிரமப்பட்டிருந்தேன். முதல் பெரிய சொட்டு கிளாப் பலகையில் விழுந்து சாக்பீஸ் எழுத்தைக் கரைத்தது. லூர்துமேரி நடிக்காமல் நின்று என்னைப் பார்த்தார்.

மெகாபோனில் கத்தினேன், மழை, நிஜ மழை என்று. யாரும் நம்பவில்லை. காலையிலிருந்து அந்த மெகாபோனில் நான் சொன்னது எல்லாம் பொய்தான். அப்போதுதான் அதைக் கீழே போட்டுவிட்டு எதிர் வரப்பை நோக்கி ஓடினேன். உப்பளத்து வரப்பில் பூட்ஸோடு ஓடுவது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. நீட்டி விழுந்தேன். எழுந்தேன். கீற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்ததும் அதோடு சேர்ந்து பாத்திக்குள் போனேன். வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

அண்ணன் குவியலுக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்தார். நான் நடிக்கத் தெரியாதவன் என்று அவருக்குத் தெரியும். புரிந்துகொண்டு ஓடி வந்தார், விக்கு கழன்று ஒரு பக்கமாகத் தொங்க. அத்தனை டேக்குகளிலும் அழகாக விழுந்தவர் இப்போது கொஞ்சமும் அழகில்லாமல் முகம் மோத விழுந்தார். ஏழுமலை டின்னை விட்டுவிட்டு, “டேய், நெசம்டா! ஓடுங்கடா!” என்றார். அதற்குப் பிறகுதான் ஊர் ஓடியது.

எங்கள் யூனிட்டும் ஓடியது. லைட்மேன்கள் ரிஃப்ளெக்டர் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்து உப்பின்மேல் சாய்த்தார்கள். காற்று அவர்களையும் பலகையையும் சேர்த்துத் தள்ளியது. மேக்கப்காரர் தன்னுடைய நிழற்பந்தலின் தார்ப்பாயைப் பிடுங்கி இழுத்து வந்தார். அதில் கால் சிக்கி அவருக்குப் பின்னால் இரண்டு பேர் சரிந்தார்கள். சாப்பாட்டு ஆட்கள் அண்டா மூடிகளோடு வந்தார்கள். உப்பளத்து ஆட்கள் வெறுங்காலில், உடம்பு ஆடாமல், நேர்க்கோட்டில் ஓடினார்கள். பட்டணத்து ஆட்களான நாங்கள் இரண்டடிக்கு ஒருதரம் விழுந்து எழுந்து ஓடினோம்.

கடைசியில் கீற்றைக் காற்று தூக்கியபோது, அதை அழுத்திப் பிடிக்க எங்கள் டைரக்டரே குவியல்மேல் ஏறி உட்கார்ந்தார். சலவை வேட்டி, கனத்த உடம்பு. ஈரக் கீற்று. அவர் மெல்ல, மிக மெல்ல, இரண்டு கைகளாலும் எதையோ பிடிக்கப் பார்த்துக்கொண்டு, முகத்தில் டைரக்டருக்குரிய கம்பீரம் மாறாமல், உச்சியிலிருந்து அடிவரை உட்கார்ந்தபடியே சறுக்கி, பாத்தியில் போய் நின்றார்.

முதலில் சிரித்தது லூர்துமேரி. கீற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே சிரித்தார். பிறகு ஏழுமலை, பிறகு எல்லோரும். மழையில் நனைந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து. தண்ணீரில் உட்கார்ந்திருந்த டைரக்டர், “இத்த தாண்டா காலைலேர்ந்து கேட்டேன்” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

அண்ணன் சொன்னது அங்கே எனக்குப் புரிந்தது. நாங்கள் எதற்காக ஓடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது அவர்களுடைய உப்பு. விழுந்து எழுந்து மறுபடி ஓடுகிறவன் தங்கள் பக்கத்து ஆள் ஆகிவிட்டான்; அவனைப் பார்த்துச் சிரிப்பதில் குற்றம் இல்லை. அதன் பிறகு நான் எழுதிய எந்த ஓட்டத்துக்கும், அமைத்த எந்த விழுகைக்கும் முதலில் அந்த ஆளுக்கு என்ன அவசரம் என்று கேட்டுக்கொண்டேன். பதில் இல்லாத இடத்தில் வாழைப்பழத்தோல் போட்டதில்லை.

இனி, இதில் உள்ள வேடிக்கை. இவ்வளவும் நடக்கும்போது யாரும் ‘கட்’ சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் உப்பின்மேல் இருந்தார். கேமரா உதவியாளர் ஒழுங்கானவர், சொல்லாததால் நிறுத்தவில்லை. ஒரு கையால் குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த ஃபிலிம் தீரும் வரை ஓட விட்டிருந்தார். போட்டுப் பார்த்தபோது நாங்கள் எழுதிய காட்சியைக் கிழித்துப் போட்டோம். படத்தில் வந்தது அந்த மழை ஓட்டம்தான். டைரக்டர் தன்னுடைய சறுக்கலை வெட்ட மறுத்தார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை இருப்பதற்கு அது ஒரு காரணம்.

உப்பு முழுவதும் தப்பவில்லை. மேற்குப் பக்கச் சரிவு மூடுவதற்குள் கரைந்து பாத்தியோடு போய்விட்டது. படக் கம்பெனி ஏதோ கொடுத்தது. கொடுக்காமல் இல்லை. ஆனால் வெயிலில் நின்று வாரிய உப்பைக் கொடுக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. ஊரை விட்டுக் கிளம்பும்போது லூர்துமேரியிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மழையை எல்லோரும் குறை சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன். கிளாப்பை எடிட்டர் வழக்கம்போல் வெட்டிவிட்டார். முதல் சொட்டு மழையிலிருந்து காட்சி தொடங்கியது.

சில மாதங்கள் கழித்து மரக்காணத்து டென்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய், முதல் ஆட்டத்துக்கு மணலில் உட்கார்ந்தேன். உப்பளமே அங்கே இருந்தது. ஏழுமலை என்னைப் பார்த்துவிட்டு, லூர்துமேரி குடும்பத்துக்குப் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தார். காட்சி வந்தது. கொட்டகை அதிர்ந்தது. யார் எங்கே விழுகிறார் என்று பெயர் சொல்லிச் சிரித்தார்கள். என்னையும் காட்டிச் சிரித்தார்கள். முடிந்ததும் “ஒன்ஸ்மோர்” என்று கூச்சல். ஆபரேட்டர் ஊர்க்காரர், படத்தை நிறுத்தி ரீலைத் திரும்பப் போட்டார்.

இரண்டாம் தடவை ஓடும்போது பக்கத்தில் சிரிப்புச் சத்தம் இல்லை என்று கவனித்தேன். லூர்துமேரி திரையின் நடுவில் விழுகிறவர்களைப் பார்க்கவில்லை. இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அத்தனை முறை பார்த்தும் பார்க்காதது அங்கே இருந்தது. மூடாத சரிவு, மெல்லக் கறுத்து, அடியிலிருந்து உட்கார்ந்து, போய்க்கொண்டிருந்தது.

“தம்பி, அன்னைக்கு மேஸ்திரி டின்னு தட்னப்பவே உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

“தெரியும்க்கா.”

“அப்பவே சொல்லியிருந்தா அந்தப் பக்கமும் நின்னிருக்கும்.”

“நின்னிருக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்தார். பிறகு முழங்கையால் என்னை இடித்தார்.

“சரி, இங்க பாருங்க. பெரியவரு ஏறிட்டாரு.”

டைரக்டர் உச்சியிலிருந்து மெல்லச் சறுக்கத் தொடங்கினார். லூர்துமேரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கொட்டகையோடு சேர்ந்து சிரித்தார். என்னால் அன்று சிரிக்க முடிந்ததும் அதற்குப் பிறகுதான்.